கேட்டில் துண்டு தொங்கும் வீடு

ஸ்டெல்லாவுக்குச் சத்தமே இல்லாமல் வீட்டு வேலை செய்யத் தெரியும். இதெல்லாம் ஒரு பெருமையா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். நெய்வேலிக்காரர்கள் கேட்கமாட்டார்கள். மைன்ஸில் ஷிப்ட் பார்க்கும் ஆள் இருக்கிற வீட்டில் பிறந்த பெண், நடை பழகும்போதே குதிகாலைத் தூக்கி நடக்கப் பழகிவிடுவாள். ராத்திரி முழுக்கச் சுரங்கத்தில் கிடந்த அப்பா காலையில் வந்து படுத்தால் வீட்டில் ஒரு கரண்டி விழக் கூடாது. ஜன்னல் கண்ணாடியில் பழைய பேப்பர் ஒட்டியிருக்கும். குக்கர் பக்கத்து வீட்டுக்குப் போய் விசிலடித்துவிட்டு வரும். வெளிக் கேட்டில் ஒரு துண்டைத் தொங்கவிட்டால் போதும், உள்ளே ஷிப்ட் ஆள் தூங்குகிறான் என்று தெருவுக்கே தெரியும். கீரைக்காரி கூவாமல் போவாள். போஸ்ட்மேன் சைக்கிள் மணியை விரலால் பொத்திக்கொண்டு கடப்பார்.

வாழ்க்கைப்பட்டதும் அப்படியொரு குவார்ட்டர்ஸில்தான். மாமனார் தைரியநாதன் மைன்ஸில் கரி ஏற்றிப்போகும் கன்வேயர் பெல்ட்டைப் பார்ப்பவர். மாதத்தில் பாதி நாள் பகலில் தூங்குகிற மனிதர். மாமியார் சவரியம்மாள் அந்தத் தூக்கத்துக்குக் காவல். புது மருமகள் எவர்சில்வர் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஓசைப்படாமல் அடுக்குவதைப் பார்த்துவிட்டு, "நல்லா வளத்து வச்சிருக்காங்க பொண்ண" என்றாள் சவரியம்மாள். அவள் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டை யாரும் வாங்கியதில்லை.

ஆகவே கார்கில் சண்டை ஓய்ந்து, மழைக்கால ஆரம்பத்தில் ஸ்டெல்லாவின் கணவன் சைமன்ராஜ் லீவில் வந்து இறங்கியபோது அவனுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளக்கூட இல்லை. அவன் பீரங்கிப் படையில் நாயக். மலைமேல் பீரங்கிகள் நெருப்புக் கக்குவதை டிவியில் பார்த்துப் பார்த்து ஜெபமாலை தேய்ந்த வீடு அது. வாசலில் வந்து நின்ற மகனின் கண்ணைப் பார்த்தாள் சவரியம்மாள். சிவந்து, உள்ளே போய்க் கிடந்தது.

"புள்ள தூங்கி வருசமாயிருக்கும் போலக்குது. மொதல்ல தூங்கட்டும்" என்றாள். உள்ளே போய் ஒரு துண்டை எடுத்துவந்து கேட்டில் போட்டாள்.

அந்தத் துண்டு அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. மழையில் நனைந்து அங்கேயே காய்ந்தது. கணவன் ஊர் திரும்பிய அந்த நாட்களை ஸ்டெல்லா விழித்துக்கொண்டே கண்ட கனவு மாதிரிதான் கழித்தாள். பேப்பர் ஒட்டிய ஜன்னல் வழியாகப் பகல் வெளிச்சம் டீ நிறத்தில் கசியும். அனல் மின் நிலையத்துப் புகை போக்கிகளிலிருந்து எழும் வெள்ளைப் புகை மழை மேகத்தோடு கலந்து, எது புகை எது மேகம் என்று தெரியாமல் டவுன்ஷிப்பின்மேல் நாளெல்லாம் நிற்கும். அந்த மங்கலில் அவர்கள் எல்லோரும் தண்ணீருக்குள் நடப்பதுபோல் நடந்தார்கள். உதட்டை அசைத்துப் பேசிக்கொண்டார்கள். சாயங்கால ஜெபமாலை மூச்சுக்காற்றாக ஓடியது. மிக்ஸி பக்கத்து வீட்டு ருக்குமணியிடம் போய்விட்டது. தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கும்போதே சவரியம்மாள் தெருவில் வீடு வீடாகப் போய், "எங்க பையன் சண்டையிலேர்ந்து வந்துருக்கான். இந்தப் பக்கம் வெடி வேணாங்க" என்று கேட்டுவைத்தாள். தெருவும் சரி என்றது. யுத்தத்துக்குப் போய்வந்தவனுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி.

எல்லோரையும்விடக் கெட்டிக்காரி நான்சிதான். போன லீவில் அப்பா வந்தபோது மழலை பேசிக்கொண்டிருந்த குழந்தை. இப்போது நாலு வயது. அவளிடம் ஸ்டெல்லா ஒரே ஒரு முறைதான் சொன்னாள், அப்பா தூங்கணும் என்று. அன்றிலிருந்து அவள் பொம்மையைக்கூட ரகசியமாகத்தான் அதட்டினாள். முதல் நாள் சைமன்ராஜ் அவளை மடியில் இழுத்து உட்காரவைத்து, "உம் பேரு என்னாடா?" என்று கேட்டான். அவள் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, காற்றாக, "நான்சி" என்றாள். அவன் குனிந்து காதை அவள் வாயருகே கொண்டுபோனான். அவள் மறுபடியும் காற்றாகவே சொன்னாள். அவன் அவளை இறக்கிவிட்டான். குழந்தையின் சமர்த்தைப் பார்த்து ஸ்டெல்லாவுக்குப் பூரிப்பு. அவன் முகத்தில் என்ன வந்தது என்று அவள் அப்போது கவனிக்கவில்லை.

அவ்வளவு அமைதியைக் கொட்டிக் கொடுத்தும் அவன் தூங்கவில்லை. கட்டிலில் கண் திறந்து கிடந்தான். அவள் அறைக்குள் பூனை மாதிரி நுழைந்தாலும் சட்டென்று எழுந்து உட்கார்ந்தான். கேட்டதற்கெல்லாம் "ம்" என்றான். ரேடியோவில் ஸ்டேஷன் எதுவும் கிடைக்காத இடத்தில் முள்ளை நிறுத்திவைத்து, அந்த இரைச்சலின் முன்னால் உட்கார்ந்திருந்தான். சவரியம்மாள் மெல்ல வந்து அதை அணைத்துவிட்டு, அவன் தலையைத் தடவிவிட்டுப் போனாள். பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு வந்தான். ஸ்டெல்லா போய் மூடினாள். ஒரு மத்தியானம் தூங்குகிற நான்சியின் மூக்கருகே அவன் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதை அவள் கதவிடுக்கில் பார்த்தாள். மூச்சு வருகிறதா என்று பார்ப்பதுபோல் இருந்தது.

மைன்ஸில் பாறை உடைக்க மத்தியானத்தில் வெடி வைப்பார்கள். தூரத்தில் தொம்மென்று ஒன்று கேட்கும். அலமாரியில் தம்ளர்கள் சிணுங்கும். அந்த நேரத்தில் வீட்டில் எல்லோரும் அவனைத்தான் பார்ப்பார்கள், பிள்ளை பயந்துவிடப் போகிறானே என்று. வெடி கேட்ட பிறகுதான் அவன் இன்னும் இரண்டு கவளம் சோறு சாப்பிட்டான் என்பதை மூன்று பெரியவர்களில் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. அன்பு மிகுந்துபோனால் கண் இப்படித்தான் மங்கிப்போகிறது.

தன் பக்கத்தில் கிடக்கிற ஆள் தன்னுடைய ஆள் இல்லை என்று ஸ்டெல்லாவுக்கு ஒரு கட்டத்தில் நிச்சயமாகிவிட்டது. அவள் கல்யாணம் பண்ணிக்கொண்டவன் சிரிக்கும்போது தொடையைத் தட்டுவான். இவன் வேறு யாரோ. உடம்பை மட்டும் அனுப்பிவைத்துவிட்டு ஆளை மலையிலேயே நிறுத்திக்கொண்டார்கள். அவளுக்கு அழுகை வந்தது. ஓசையில்லாமல் அழவும் அவளுக்குத் தெரியும்.

அப்புறம்தான் அவன் மத்தியானத்துக்கு மேல் காணாமல் போக ஆரம்பித்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மாமனாரின் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவான். விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்புவான். எங்கே என்று கேட்டால் "சும்மா". ஆனால் வருகிற முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. கண்ணில் சிவப்பு குறைந்திருந்தது. அந்தத் தெளிச்சிதான் ஸ்டெல்லாவை அரித்தது.

ஒரு புதன்கிழமை, இட்லியைப் பிட்டுக்கொண்டே அவன் சொன்னான்.

"ஞாயித்துக்கெழம கெளம்பறேன்."

சவரியம்மாள் கையிலிருந்த சட்னிக் கிண்ணத்தை மெதுவாக, மிக மெதுவாகக் கீழே வைத்தாள். "கிறிஸ்மஸ் முடிச்சிக்கினுதான போவன்னு சொன்ன."

"கூப்புட்டுட்டாங்க."

யாரும் கூப்பிடவில்லை. தந்தி வந்தால் ஸ்டெல்லாவுக்குத் தெரியாமல் வீட்டுக்குள் வராது. அவன் பொய் சொல்கிறான். சர்வீஸ் காலம் முடிகிற வருஷம் அது. வெளியே வந்துவிடலாம், இங்கேயே ஒரு செக்யூரிட்டி வேலையாவது பார்க்கலாம் என்று போன லீவில் அவனே சொல்லியிருந்தான். இப்போது போனால் இன்னும் சில வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவான். அதற்குப் பிறகு எஸ்டிடி பூத்தில் கேட்கிற குரலுக்குத்தான் அவள் பெண்டாட்டி. ஞாயிற்றுக்கிழமைக்குள் அவனைப் பிடித்து நிறுத்தாவிட்டால் இந்த ஜென்மத்தில் நிறுத்த முடியாது என்று ஸ்டெல்லாவுக்குப் புரிந்தது. எதைப் பிடித்து நிறுத்துவது என்பதுதான் புரியவில்லை.

அன்று அவன் சட்டையைத் துவைக்க எடுத்தாள். காலர் மடிப்பில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. தோளிலும் இருந்தது. பவுடர். ஸ்டெல்லா அந்தச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கிணற்றடிக் கல்லைப்போல் உட்கார்ந்துவிட்டாள். மோந்து பார்த்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். சந்தேகம் வந்தவள் எங்கே மோந்து பார்க்கப் போகிறாள்.

சாயங்காலம் மிக்ஸியில் அரைத்த தேங்காயை வாங்கப் போனபோது ருக்குமணி குரலை இறக்கினாள். அவள் கம்மாபுரம் பக்கத்துக் கிராமத்துக்காரி. குரலை இறக்க அவளுக்குப் பழக்கமில்லை, இந்த வீட்டுக்காரர்களோடு பழகித்தான் கற்றுக்கொண்டிருந்தாள்.

"ஸ்டெல்லா, சொல்லலாமோ வேணாமோன்னு யோசிச்சிக்கினே இருந்தேன். உங்க வூட்டுக்காரர மந்தாரக்குப்பத்துல பாத்தேன். மார்க்கெட்டுக்குப் பின்னால சந்து ஒண்ணு இருக்குல்ல, அதுக்குள்ள சைக்கிளத் தள்ளிக்கினு போனாரு. நேத்தும் போனாராம், எங்க தம்பி சொன்னான்."

"யாரு வூடுங்கக்கா இருக்குது அங்க?"

"எனக்கு எப்டிம்மா தெரியும்."

மறுநாள் அவன் சைக்கிள் தெரு முனை திரும்பியதும், மாமியாரிடம் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, நான்சியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஸ்டெல்லா பஸ் ஏறினாள். குழந்தையை ஏன் தூக்கிக்கொண்டு போனாள் என்று கேட்டால், அவளைக் காட்டி அந்தப் பொம்பளையிடம் நியாயம் கேட்கத்தான். டவுன்ஷிப்பின் அகலமான ரோடும், இரண்டு பக்கமும் மழையில் கறுத்து நின்ற தூங்குமூஞ்சி மரங்களும் பின்னால் போயின. டவுன்ஷிப் எல்லையில் நிற்கும் ஆர்ச்சைத் தாண்டியதுமே ஊர் வேறாகிவிட்டது. ஹாரன், ஒலிபெருக்கி, பழைய இரும்புக் கடையில் தகரம் தட்டும் ஓசை, தீபாவளிச் சரக்கு கூவி விற்கிறவர்கள். பஸ்ஸைவிட்டு இறங்கிய ஸ்டெல்லாவுக்குத் தூக்கத்திலிருந்து யாரோ உலுக்கி எழுப்பியதுபோல் காது அடைத்தது. நான்சி அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

சந்துக்குள் போகப் போக ஒரு இரைச்சல் வளர்ந்துகொண்டே வந்தது. சுவரே அதிர்ந்தது. சந்தின் கடைசியில் மாமனாரின் சைக்கிள் சாய்த்துவைக்கப்பட்டிருந்தது. அதற்கு எதிரே வீடு எதுவும் இல்லை. ஒரு மாவு மில்தான் இருந்தது.

தீபாவளி முறுக்குக்கு மாவு அரைக்க வந்த பெண்கள் வாசலில் தூக்குவாளிகளோடு வரிசையில் நின்றார்கள். உள்ளே மோட்டாரும் பெல்ட்டும் அரைகல்லும் சேர்ந்து போட்ட கூச்சலில் அவர்கள் கைஜாடையில் பேசிக்கொண்டிருந்தார்கள். மாவு புகையாக எழுந்து, ஓட்டு இடுக்கு வெயிலில் மெல்லச் சுழன்று, எல்லாவற்றின்மேலும் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வெள்ளைப் புகைக்கு நடுவே, மூலையில் அடுக்கிய தவிட்டு மூட்டைகளின்மேல், சைமன்ராஜ் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கை கீழே தொங்கியது. தலைமுடி, புருவம், மீசை, கண் இமை எல்லாம் மாவு படிந்து வெளுத்திருந்தன. கிழவனானால் இவன் இப்படித்தான் இருப்பான் என்று ஸ்டெல்லாவுக்குத் தோன்றியது. எத்தனையோ வருஷங்கள் கடந்துபோய், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து, இருவரும் மூத்துப்போன ஒரு மத்தியானத்தில் தான் நின்றுகொண்டிருப்பதாக அவளுக்கு ஒரு மயக்கம். அந்தக் கிழவன்மேல் ஆசையாக இருந்தது. அடுத்த நிமிஷம் கோபம் வந்தது. மெத்தை விரித்து, ஜன்னல் மூடி, மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு அவள் காவல் காத்த தூக்கத்தை இந்த மனுஷன் இங்கே வந்து தவிட்டு மூட்டையின்மேல் தூங்கித் தீர்க்கிறான்.

மில்காரர் சிங்காரவேலு அவளையும் இடுப்பிலிருந்த குழந்தையையும் பார்த்துப் புரிந்துகொண்டார். கிட்டே வந்து அவள் காதில் கத்தினார்.

"சாரு சம்சாரமாம்மா? தப்பா எடுத்துக்காத. மொத நாளு அரிசி அரைக்க வந்தவரு மாதிரி வந்து நின்னாரு. நின்னுக்கினே கண்ணு சொருகிடுச்சி. விழுந்துடப் போறாருன்னு நான்தான் மூட்டையில படுக்கச் சொன்னேன்."

"வூட்ல தூங்க மாட்டேங்கறாருங்க" என்று ஸ்டெல்லா சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். அப்போதும் கேட்கவில்லை. அவள் குரல் எழும்பவே இல்லை. உதட்டைப் பார்த்தே அவர் தெரிந்துகொண்டார்.

"பீரங்கிக்குப் பக்கத்துல படுத்துப் பழக்கமாம். அது வெடிச்சிக்கினு இருந்தா தூக்கம் வருமாம். நின்னுட்டாதான் வராதாம். அதுக்கு மேல எங்கிட்டயும் ஒண்ணும் சொல்லல."

நான்சி அம்மாவின் தாடையைப் பிடித்துத் திருப்பி ஏதோ கேட்டாள். உதடு மட்டும் அசைந்தது.

"சத்தமா சொல்லுடி" என்றாள் ஸ்டெல்லா. அந்தக் குழந்தையிடம் யாரும் சொல்லாத வார்த்தை அது. நான்சி அம்மாவைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, "அப்பா ஏன் வெள்ளையா இருக்காரு?" என்று கத்தினாள். வரிசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். வீட்டில் அறைக்குள் கால் நுனி பட்டாலே எழுந்து உட்காருகிற சைமன்ராஜ் புரண்டுகூடப் படுக்கவில்லை.

அப்போது கரண்ட் போய்விட்டது. பக்கத்திலேயே மலைமலையாகக் கரி வெட்டி ஊருக்கெல்லாம் மின்சாரம் அனுப்புகிறார்கள், மந்தாரக்குப்பத்துக்கு மட்டும் அது நினைத்தபோது வரும், நினைத்தபோது போகும். பெல்ட் தளர்ந்து இரண்டு சுற்று ஓடி நின்றது. அரைகல் முனகி அடங்கியது. அடுத்துக் காதைக் குடைகிற ஒரு நிசப்தம் மில்லுக்குள் வந்து உட்கார்ந்தது. பெண்கள் சலித்துக்கொள்ள வாய் திறக்கும் முன்னே சைமன்ராஜ் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

கண் திறந்திருந்தது. ஆனால் மில்லைப் பார்க்கவில்லை. கையை முன்னால் நீட்டித் துழாவினான்.

"பல்பீர்" என்று கூப்பிட்டான். காத்திருந்தான்.

"தத்தா." மறுபடி காத்திருந்தான்.

"சந்தூ."

யாரும் பதில் சொல்லவில்லை. யார் சொல்ல முடியும். வரிசையில் நின்ற பெண்கள் வாளியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். பீரங்கி நின்ற பிறகு அந்த மலையில் என்ன செய்திருப்பார்கள் என்று ஸ்டெல்லாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டிருக்கிறார்கள். குரல் கொடுத்தவன் இருக்கிறான். கொடுக்காதவன் இல்லை.

"நான்சி" என்றான் அவன்.

நிசப்தம் திரும்பியதுமே நான்சிக்குத் தன் பாடம் ஞாபகம் வந்துவிட்டது. உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, காற்றாக, "ம்" என்றாள். அது அவனுக்குக் கேட்கவில்லை. மாவு படிந்த அந்த முகம் கோணிக்கொண்டு போனது. வாயை மூடி அழுகிற ஆண்பிள்ளையின் முகத்தை ஸ்டெல்லா அதுவரை பார்த்ததில்லை. இத்தனை நாளும் வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்பது அவள் நெஞ்சில் கல்லாக விழுந்தது. கட்டிலில் கிடந்து அவன் மனதுக்குள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அம்மா, அப்பா, பெண்டாட்டி, பிள்ளை எல்லோரும் அவன்மேல் வைத்த பிரியத்தில், செத்தவர்கள் மாதிரி இருந்திருக்கிறார்கள்.

"ஸ்டெல்லா" என்று கடைசியாகக் கூப்பிட்டான். பதிலை எதிர்பார்க்காத குரல் அது.

"இருக்கேன்" என்றாள் ஸ்டெல்லா. கரகரவென்று வந்தது. போதாது என்று அவளுக்கே தெரிந்தது. தொண்டையைத் திறந்து, பிறந்ததிலிருந்து அடக்கிவைத்த அத்தனை குரலையும் வெளியே விட்டாள்.

"இருக்கேங்க. இங்கதான் நிக்கறேன், உங்க புள்ளயத் தூக்கிக்கினு. எங்க போவப் போறேன் நான்? நல்லாருக்குதுங்க நீங்க பண்றது. வூட்ல கட்டிலு இல்ல? மெத்த இல்ல? தவுட்டு மூட்டையில வந்து உருண்டுக்கினு கெடக்கறீங்க. சட்டையெல்லாம் மாவு. நான் அதப் பவுடருன்னு நெனச்சிக்கினு, எவ வூட்டுக்குப் போறாரோன்னு பைத்தியக்காரி மாதிரி பஸ் ஏறி வந்துருக்கேன். வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா என்னாங்க? அமைதி வேணாம், சத்தம் போடுடின்னு சொல்ல மாட்டீங்களா? நாங்க என்னா கண்டோம், பீரங்கியக் கண்டமா? ஷிப்ட் ஆளுக்குச் செய்யறதத்தான உங்களுக்கும் செஞ்சோம்."

சந்தில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். நான்சி வாயைப் பிளந்துகொண்டு அம்மாவைப் பார்த்தாள். சைமன்ராஜின் கண் மெல்ல இந்தப் பக்கம் வந்தது. மில், பெல்ட், வாளிகள், கடைசியில் ஸ்டெல்லா. அவளை அடையாளம் தெரிந்துகொண்டபோது அவன் தோள் தளர்ந்தது. அவள் மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தினாள்.

"நிறுத்தாத" என்றான் அவன்.

"நிறுத்தறனா நானு? ஞாயித்துக்கெழம போறாராம். கூப்புட்டாங்களாம். யாரு கூப்புட்டா? உங்கம்மா நேத்துச் சட்னிக் கிண்ணத்த வச்சாங்களே, அத ஓங்கிப் போட்டு ஒடச்சிருக்கணும். ஏறுங்க பாக்கலாம் ரயிலு. ஸ்டேசன்ல வந்து நின்னுக்கினு இதே மாதிரி கத்துவேன், மானம் போவட்டும்..."

அவன் மூட்டையில் சாய்ந்தான். ஒரு கையை நீட்டி அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டான். அவள் மாமனாரின் சைக்கிளைப் பற்றித் திட்டினாள். ரேடியோவைத் திட்டினாள். திறந்துவிட்ட குழாயையும், வீணாய்ப்போன தண்ணீரையும் திட்டினாள். அவன் கண் சொருகுவதைப் பார்த்ததும் அவள் குரல் உடைந்து அழுகையாக வரப் பார்த்தது. அதை விழுங்கிவிட்டு, கீரைக்காரியையும் போஸ்ட்மேனையும் இழுத்துத் திட்டினாள். திட்ட ஆள் தீர்ந்துபோனபோது மந்தாரக்குப்பத்துக் கரண்ட்டைத் திட்டினாள். அதற்கு மட்டும் வரிசையில் நின்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

சிங்காரவேலு ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினார். அவன் நன்றாகத் தூங்கியிருந்தான். ஸ்டெல்லா நான்சியை மூட்டையின்மேல் உட்காரவைத்து, "நான் தண்ணி குடிக்கறேன், அதுவரைக்கும் நீ கத்து" என்றாள்.